காசில் இருந்த முகம்: தமிழ் மண்ணில் உரோம நாணயங்கள்



நாம் வாழும் மாநிலத்தின் பெயர் பேராக். மலாய் மொழியில் அச்சொல் வெள்ளியைக் குறிக்கும். நாட்டின் பணத்தை அரசு ரிங்கிட் என்று அழைக்கிறது. நாமோ இன்றும் கடையில் 'பத்து வெள்ளி', 'இருபது வெள்ளி' என்றுதான் பேசுகிறோம். ரிங்கிட் என்ற சொல்லும் ஒரு வெள்ளிக்காசின் நினைவுதான். விளிம்பில் பல் பல்லாக வெட்டு வைத்திருந்த இசுபானிய வெள்ளிக்காசுக்கு மலாய்க்காரர்கள் இட்ட பெயர் அது. அந்தக் காசில் இசுபானிய மன்னன் ஒருவனின் தலை இருந்தது. அவன் யார், எங்கே இருந்தான், காசைச் சுற்றி எழுதியிருப்பது என்ன என்பதெல்லாம் இங்கு ஈயம் விற்றவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் தெரிந்திருக்கத் தேவையில்லை. எடை சரியாக இருந்தது. வெள்ளி நல்ல வெள்ளியாக இருந்தது. ஆகவே காசு ஓடியது.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்த் தமிழகத்திலும் ஏறக்குறைய இதுவே நடந்தது. அங்கே வந்து இறங்கியது உரோமப் பேரரசர்களின் தலை.

தமிழ் விழா மேடைகளில் உரோம நாணயங்களைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கிறோம். தமிழன் கடல் கடந்து வாணிகம் செய்தான். உரோமாபுரியின் பொன்னெல்லாம் தமிழகத்தில் வந்து குவிந்தது. அதைக் கண்டு பிளினி என்னும் உரோம அறிஞர் புலம்பினார் என்பார்கள். கைதட்டலும் கிடைக்கும். செய்தி பொய்யன்று. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போகிறது என்று பிளினி எழுதியிருப்பது உண்மை. யவனரின் மரக்கலங்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய செய்தி அகநானூற்றின் 149ஆம் பாடலில் இருப்பதும் உண்மை. ஆயினும் அந்தக் காசுகளில் யாருடைய உருவம் இருந்தது, என்ன எழுதியிருந்தது, நம் முன்னோர் அதை என்ன செய்தார்கள் என்று எந்த மேடையிலும் ஒருவர் சொல்லக் கேட்டதில்லை. காசை எண்ணுகிறோமே தவிர, படிப்பதில்லை. படிப்பது எளிது, மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும், எண்ணிக்கை சொல்லாத பலவற்றை அது சொல்லும்.

முதலில் காசுகள் கிடைத்த இடங்களைப் பார்த்துவிடுவோம். கொங்கு நாடுதான் இதில் முன்னிற்கிறது. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உரோம வெள்ளிக்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அதே ஊரில் 1891இல் மீண்டும் ஐந்நூறுக்கும் மேல் கிடைத்தன. உடுமலைப்பேட்டைப் பகுதியில் உள்ள பூதிநத்தத்தில் 1946இல் கிடைத்த புதையலில் ஏறத்தாழ 1,400 வெள்ளிக்காசுகள் இருந்தன. கரூரில் பலமுறை கிடைத்துள்ளன. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக நொய்யல் ஆற்றை ஒட்டிக் கரூர் வரை சென்ற பழைய வணிகப் பெருவழியை வரைந்தால், இந்த ஊர்கள் அதன் மேலோ அருகிலோ வந்து அமர்கின்றன. படியூரின் பச்சைக்கல்லும் கொடுமணலின் மணிகளும் இரும்பும் அந்த வழியில்தான் சென்றன. மேற்கே இருந்து காசு வந்தது.

இந்த வெள்ளிக்காசுக்கு உரோமர் இட்ட பெயர் தெனாரியஸ். வடமொழியில் தீனாரம் என்று வழங்கிய சொல்லும், இன்று சில அரபு நாடுகளின் பணத்துக்குப் பெயராக இருக்கும் தினார் என்ற சொல்லும் அதிலிருந்து பிறந்தவை. பத்துக் காசு அளவே இருக்கும் சிறிய வட்டம். எடை நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு.

கொங்கு நாட்டுப் புதையல்களில் ஒரு விந்தை உண்டு. உரோமர்கள் அடித்த தெனாரியஸ் வகைகள் பல நூறு. ஆனால் இங்குக் கிடைத்தவற்றில் மிகப் பெரும்பான்மை இரண்டே வகைகள்தாம். ஒன்று அகஸ்டஸ் வெளியிட்டது. மற்றொன்று அவருக்குப் பின் ஆண்ட டைபீரியஸ் வெளியிட்டது. இரண்டும் இன்றைய பிரான்சு நாட்டின் லியோன் நகரில், அன்றைய லுக்தூனத்தில், அடிக்கப்பட்டவை.

அகஸ்டஸின் காசைக் கையில் எடுத்துப் பார்ப்போம். முன்பக்கம் அவருடைய தலை. தலையில் வாகை மாலை. சுற்றிலும் இலத்தீன் எழுத்துகள், சொற்களுக்கு இடையே வெளியில்லாமல் ஓடுகின்றன. தமிழில் ஒலிபெயர்த்தால் 'சேசர் அவ்குஸ்துஸ் திவி எஃப் பாதெர் பாத்ரியாயே' என்று வரும். சேசர் அகஸ்டஸ், தெய்வமானவரின் மகன், நாட்டின் தந்தை என்பது பொருள். 'எஃப்' என்னும் ஒற்றை எழுத்து மகன் என்ற சொல்லின் சுருக்கம். தெய்வமானவர் யார்? கொலையுண்ட பிறகு தெய்வம் என்று அறிவிக்கப்பட்ட ஜூலியஸ் சீசர். அகஸ்டஸ் அவருக்குச் சகோதரி வழிப் பேரன். உயிலின் வழியே தத்துப் பிள்ளையானவர். 'நாட்டின் தந்தை' என்ற பட்டம் அவருக்குக் கி.மு. 2இல் அளிக்கப்பட்டது. ஆகவே இந்தக் காசு அந்த ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. காசில் ஆண்டு இலக்கம் எதுவும் இல்லை; இருந்தும் ஒரு பட்டத்தைக் கொண்டு காலத்தைக் கணித்துவிடுகிறோம். இதே போல, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட ஒரு பதவியின் எண்ணிக்கையைப் பல பேரரசர்கள் காசில் குறித்து வைத்தார்கள். அதை வைத்து இன்ன ஆண்டில் அடித்த காசு என்று சொல்லிவிடலாம். நம் கல்வெட்டுகளில் மன்னனின் ஆட்சியாண்டைக் குறிப்பதை அறிந்த நமக்கு இந்த முறை புதிதன்று.

இப்போது பின்பக்கம். இரண்டு இளைஞர்கள் நம்மை நோக்கி நிற்கிறார்கள். நடுவில் இரு கேடயங்கள். அவற்றின் மேல் ஆளுக்கொரு கை வைத்திருக்கிறார்கள். கேடயங்களுக்குப் பின்னால் ஈட்டிகள். மேலே இரண்டு சிறு கருவிகள் தெரியும்: ஒன்று பூசைக்குரிய அகப்பை, மற்றொன்று பறவைகளின் பறப்பைக் கண்டு குறி சொல்லும் பூசாரியின் வளைந்த கோல். எழுத்துகள் இவர்கள் யாரென்று சொல்கின்றன: கையஸ், லூசியஸ், அகஸ்டஸின் மக்கள், வருங்காலத் தலைமை ஆட்சியாளராகக் குறிக்கப்பட்டவர்கள், இளைஞர் தலைவர்கள்.

அகஸ்டஸுக்கு ஆண் மகவு இல்லை. ஒரே மகள் ஜூலியா. அவள் பெற்ற பிள்ளைகள் இருவரையும் கி.மு. 17இல் அகஸ்டஸ் தம் மக்களாகத் தத்தெடுத்தார். தமக்குப் பின் பேரரசு இவர்களுக்கே என்று உலகுக்குச் சொல்ல வேண்டும். செய்தித்தாள் இல்லாத காலம். ஒவ்வொரு கையையும் தொட்டுச் செல்லும் பொருள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஆகவே பேரப்பிள்ளைகளைக் காசில் ஏற்றினார்.

லூசியஸ் கி.பி. 2இல் நோயுற்று இறந்தான். கையஸ் கி.பி. 4இல் போரில் பட்ட புண்ணால் இறந்தான். ஈராண்டு இடைவெளியில் காசின் இரண்டு உருவங்களும் மறைந்துபோயின. காசு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கப்பலேறிச் செங்கடலைக் கடந்து, பருவக்காற்றில் முசிறிக்கு வந்து, கணவாயைத் தாண்டி வெள்ளலூரில் ஒரு பானைக்குள் ஐந்நூறோடு ஒன்றாக அடங்கியது. ஆள வேண்டியவர்கள் என்று ஒரு கிழவர் உலகுக்கு அறிவித்த இரு பிள்ளைகள், ஆளாமலே மாண்ட பிறகு, கொங்கு மண்ணில் ஏறத்தாழப் பதினெட்டு நூற்றாண்டுகள் புதைந்து கிடந்தார்கள். அந்தப் பானையைப் புதைத்தவருக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் கண்ணுக்கு அது இரு வீரர் நிற்கும் காசு. நடுகல் நட்டு வழிபட்ட நாட்டில், கேடயமும் ஈட்டியுமாக நிற்கும் இரு இளைஞரைக் கண்டவர் என்ன நினைத்திருப்பார்! இது என் கற்பனைதான். சான்று எதுவும் இல்லை. ஆனால் வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டால் மாணவர்கள் அரை மணி நேரம் பேசுவார்கள்.

டைபீரியஸின் காசு இதைவிட எளியது. முன்பக்கம் தலை. 'தெய்வமான அகஸ்டஸின் மகன்' என்று எழுத்து. இப்போது அகஸ்டஸும் தெய்வமாகிவிட்டார். பின்பக்கம் நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண், ஒரு கையில் செங்கோல், மறு கையில் கிளை. அமைதித் தெய்வம் என்பர். டைபீரியஸின் தாய் லிவியாவை அவ்வடிவில் காட்டியது என்பாரும் உண்டு. 'பொன்டிஃப் மாக்ஸிம்' என்ற சொற்கள் பேரரசரே தலைமைப் பூசாரி என்பதைச் சொல்கின்றன. விவிலியத்தில், வரி கட்டலாமா என்று கேட்டவர்களிடம் இயேசுநாதர் ஒரு காசை வாங்கி, இதில் இருக்கும் உருவமும் எழுத்தும் யாருடையவை என்று கேட்ட நிகழ்ச்சி பலருக்கும் தெரியும். அந்தக் காசு இந்த வகைதான் என்று நெடுங்காலமாகக் கருதி வருகிறார்கள். அதே வகைக் காசு அதே காலத்தில் கொங்கு நாட்டிலும் கை மாறிக்கொண்டிருந்தது. அங்கே அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. காசு வரி கட்டுவதற்கு உரியதாக இல்லை. அது வெறும் வெள்ளி.

ஏன் இந்த இரண்டு வகைகள் மட்டும்? பழகிய முகத்தையே வணிகர் நம்புவர் என்பது ஒரு காரணம். ஆஸ்திரியாவின் மரியா தெரேசா அரசி இறந்த பிறகும் 1780 என்று ஆண்டு பொறித்த அவருடைய வெள்ளிக்காசை மறுபடி மறுபடி அடித்து அரபு நாடுகளுக்கும் எத்தியோப்பியாவுக்கும் அனுப்பினார்கள். வேறு முகம் இருந்தால் அங்கே வாங்கமாட்டார்கள். மற்றொரு காரணம் எடை. கி.பி. 64ஆம் ஆண்டை ஒட்டி நீரோ மன்னன் காசின் எடையைக் குறைத்தான். அதுவரை ஓர் உரோமப் பவுண்டு வெள்ளியில் 84 தெனாரியஸ் அடித்தார்கள். நீரோ 96 அடித்தான். வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. முகம் பார்க்காமல் எடை பார்த்தவர்களுக்கு இது உடனே தெரிந்திருக்கும். நீரோவுக்குப் பிந்திய வெள்ளிக்காசுகள் தமிழகத்தில் மிக அரிதாகவே கிடைக்கின்றன. உரோமாபுரியிலேயே பழைய காசுகளை டிராஜன் மன்னன் கி.பி. 107ஐ ஒட்டித் திரும்பப் பெற்று உருக்கிவிட்டான். அங்கே உலையில் போனவற்றின் உடன்பிறப்புகள் இங்கே மண்ணுக்குள் பத்திரமாக இருந்தன.

எடையைப் பற்றிப் பிளினியே ஓர் இனிய செய்தி சொல்கிறார். கிளாடியஸ் மன்னன் காலத்தில், செங்கடல் வரியை ஏலம் எடுத்திருந்த ஒருவரின் பணியாள் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரையேறினார். அவரிடம் இருந்த தெனாரியஸ் காசுகளை இலங்கை மன்னன் பார்த்தான். காசுகளில் இருந்த தலைகள் வெவ்வேறு. எனவே அவை வெவ்வேறு மன்னர் காலத்தவை. ஆனால் எல்லாம் ஒரே எடை. ஆள் மாறினாலும் அளவு மாறாத நாடு நேர்மையான நாடு என்று வியந்து, உரோமாபுரிக்குத் தூதர்களை அனுப்பினானாம். அடுத்து வந்த நீரோ அந்த நற்பெயரைக் கெடுத்துக்கொண்டான் என்பது வரலாற்றின் குறும்பு.

வெள்ளியை விட்டுப் பொன்னுக்கு வருவோம். இங்கேதான் என்னை நெடுநாள் உறுத்திய செய்தி இருக்கிறது.

1898ஆம் ஆண்டு புதுக்கோட்டை சமஸ்தானத்தில், கறுக்காகுறிச்சி என்னும் ஊரில் 501 உரோமப் பொற்காசுகள் அடங்கிய புதையல் கிடைத்தது. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள். பெரும்பகுதியை இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. ஜார்ஜ் ஹில் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து எழுதினார். அவர் கண்டது இது: மிகப் பெரும்பான்மையான காசுகளில் பேரரசரின் முகத்தின் மேல் ஓர் ஆழமான வெட்டு. உளியாலோ அரத்தாலோ வேண்டுமென்றே போட்டது. தேய்மானம் அன்று, தற்செயலும் அன்று. ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுக்கணக்கான முகங்களை ஒருவர் உட்கார்ந்து வெட்டியிருக்கிறார்.

ஏன்? ஆய்வாளர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. உள்ளே செம்போ ஈயமோ வைத்துப் பொன் முலாம் பூசிய போலிக் காசா என்று சோதிக்க வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. போலிக் காசுகள் அன்றும் இருந்தன. தமிழகத்தில் கிடைத்தவற்றுள்ளும் உரோமக் காசைப் பார்த்து இங்கேயே செய்யப்பட்ட படிகள் உண்டு. எழுத்தறியாதவர் இலத்தீனைப் பார்த்து வரைந்ததால் அந்தப் படிகளில் எழுத்துகள் வெறும் கோடுகளும் வட்டங்களுமாக நிற்கும். ஆனால் சோதிப்பதற்கு விளிம்பில் ஒரு சிறு கீறல் போதுமே! நம் மலாயாவிலும் ஓடிய வெள்ளி டாலர்களில் சீன வணிகர்கள் சோதித்ததற்கு அடையாளமாகச் சிறு முத்திரை குத்துவார்கள். காசு முழுக்கக் குத்து இருக்கும். மன்னரின் முகத்தைத் தேடிப் பிடித்துக் குத்தமாட்டார்கள். கொங்கு நாட்டு வெள்ளிக்காசுகள் சிலவற்றிலும் அத்தகைய சிறு குறிகள் உள்ளன. புதுக்கோட்டை வெட்டு அந்த வகையன்று.

வேற்று நாட்டு மன்னனை இழிவுபடுத்த வெட்டினார்கள் என்பது இன்னொரு கருத்து. மேடைப் பேச்சாளருக்கு மிகவும் உகந்தது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இழிவுபடுத்த விரும்புகிறவர் ஐந்நூறு காசுகளை ஒழுங்காக வெட்டிப் பானையில் சேர்த்து வைக்கமாட்டார், உருக்கிவிடுவார். யவனரைப் பகைவராகக் கருதிய நாடும் அன்று அது.

மூன்றாவது கருத்துதான் பொருத்தமாகப் படுகிறது. காசில் உள்ள முகம் ஓர் ஆணை. இதன் மதிப்புக்கு நான் பொறுப்பு, என் நாட்டில் எவரும் இதை மறுக்கக் கூடாது என்று அந்த முகம் சொல்கிறது. முகத்தின் மேல் கோடு இழுத்தால் அந்த ஆணை நீங்குகிறது, எஞ்சுவது பொன். இனி இது காசாக ஓடாது, எடைக்குப் பொன்னாக மட்டும் செல்லும் என்று உள்ளூர் அதிகாரமோ வணிகர் குழுவோ முடிவு செய்து வெட்டியிருக்கலாம். பயன்படுத்திய கடப்பிதழின் முனையை வெட்டித் திருப்பித் தருவதைப் போல என்று சொல்லலாம். வெட்டியவருக்கு இலத்தீன் தெரியாது. ஆனால் காசின் எந்தப் பக்கத்தில் அதிகாரம் இருக்கிறது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. எழுத்தைப் படிக்காமலே அவர் காசைப் படித்துவிட்டார்.

அந்தக் காசுகளுக்கு உரியவர்களுள் கிளாடியஸ் ஒருவன். கி.பி. 43இல் பிரிட்டன் தீவின் மேல் படையெடுத்தவன். அந்த வெற்றிக்காக அவன் வெளியிட்ட காசு ஒன்றில் ஒரு வளைவு வாயில் இருக்கும். அதன் மேல் குதிரை வீரன். இருபுறமும் பகைவரிடம் பறித்த படைக்கலக் குவியல். நடுவில் 'தே பிரித்தான்', அதாவது 'பிரித்தானியரை வென்றதற்கு' என்று எழுத்து. அன்று தோற்றவர்களின் நாடு பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் இலண்டனில் இருந்துகொண்டு புதுக்கோட்டைப் புதையலை விலைக்கு வாங்கியது. அதே காலத்தில்தான் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து நம்மவர்களைக் கப்பலேற்றி மலாயாத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது.

புதுக்கோட்டையைப் பற்றி இன்னொன்று. அந்தச் சமஸ்தானம் தன் சொந்தக் காசை அடித்துக்கொண்டது. அம்மன் காசு என்று பெயர். சின்னஞ்சிறு செப்புக்காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். மறுபக்கம் 'விஜய' என்று தெலுங்கு எழுத்து. 1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணையும் வரை அது வழக்கில் இருந்தது. மன்னர் தம் முகத்தைப் பொறிக்காமல் தாயின் உருவத்தைப் பொறித்த நாட்டில், உரோமப் பேரரசர்களின் வெட்டுண்ட முகங்கள் கிடைத்தன என்பதை எண்ணி எண்ணி மகிழலாம்.

அயல் ஆட்சியாளரின் முகத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் ஊர் தந்த விடை வேறு. பத்து காஜாவிலிருந்து சிறிது தொலைவில் கெல்லி கோட்டை இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பனில் இறந்துபோனதால் முற்றுப்பெறாமல் நின்ற மாளிகை. அதைக் கட்டிய தமிழ்த் தொழிலாளர்களிடையே கொள்ளைக் காய்ச்சல் பரவியபோது, அவர்கள் வேண்டிக்கொண்டதற்கு இணங்க மாரியம்மன் கோயில் கட்ட அவர் துணை செய்தார் என்பது வழிவழிச் செய்தி. கோயிலில் தெய்வ உருவங்களுக்கு இடையே வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு துரையின் உருவம் நிற்கிறது. புதுக்கோட்டையில் முகம் வெட்டுப்பட்டது. இங்கே முகம் கோயிலில் ஏறியது. இரண்டையும் செய்தவர்கள் நம் மக்களே. பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் மாளிகையோடு திரும்பிவிடாமல் கோயிலையும் காட்ட வேண்டும்.

மூன்றாவது ஒரு விடையும் உண்டு. அது பெண்களின் விடை. தமிழகத்திலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் கிடைத்த உரோமப் பொற்காசுகள் பலவற்றில் துளைகள் உள்ளன. சிலவற்றில் கொக்கி வளையம் பொருத்தியுள்ளார்கள். கழுத்தில் அணிந்திருக்கிறார்கள். காசுமாலை! நம் பாட்டிமார் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த பவுன் காசுகளைக் கோத்துக்கொண்டதும் இதே செயல்தான். அந்தப் பவுனின் மறுபக்கத்தில் குதிரைமேல் இருந்து பறவைநாகத்தைக் குத்தும் வீரன் புனித ஜார்ஜ் என்பதோ, சுற்றி எழுதியிருந்தது இலத்தீன் என்பதோ அவர்களுக்குத் தெரியாது. ஆம், இங்கிலாந்தின் பவுனிலும் இலத்தீன்தான். உரோமரின் பழக்கம் அவ்வளவு தூரம் நீண்டது. பவுன் எட்டுக் கிராம். அகஸ்டஸ் காலத்துப் பொற்காசும் எட்டுக் கிராமுக்குச் சற்றே குறைவு. தற்செயல்தான்; ஆனாலும் நகைக்கடையில் பவுன் கணக்குப் பேசும்போது நினைவுக்கு வருகிறது.

தோட்டத்தில் கூலியாகக் கிடைத்த காசிலும் ஒரு முகம் இருந்தது. நீரிணைக் குடியேற்றப் பகுதிகளின் காசில் 'ஐந்தாம் ஜார்ஜ், மன்னர், இந்தியாவின் பேரரசர்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தார்கள். விட்டு வந்த ஊருக்கும் வந்து சேர்ந்த ஊருக்கும் தலை ஒன்றே. பழைய தோட்டத்து வீடுகளில் இன்றும் தகரப் பெட்டிகளில் இத்தகைய காசுகள் கிடக்கும். சதுர வடிவான ஒரு காசும் இருக்கும். பெற்றோர்களே, பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் பிள்ளைகளிடம் கொடுத்து, அதில் எழுதியிருப்பதை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.

போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தின் கண்ணூருக்கு அருகே 1847இல் நடந்தது சான்று. கோட்டயம் என்னும் இடத்தில் (தென் கேரளத்துக் கோட்டயம் வேறு) உரோமப் பொற்காசுகள் ஐந்து ஆள் சுமை அளவுக்குக் கிடைத்தன என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அடித்த புதிதுபோல் மின்னினவாம். ஆராய்ச்சிக்கு எஞ்சியது சிறுபகுதி. பெரும்பகுதி விற்றும் உருக்கியும் போயிற்று. எந்தப் பேரரசரின் காசு எத்தனை, எவை வெட்டுண்டவை என்பதெல்லாம் பொற்கொல்லரின் உலையில் ஒரே குழம்பாகிவிட்டன. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இன்று நாம் காண்பவை உலைக்குத் தப்பியவை. மேடையில் எண்ணிக்கை பேசுவோர், அந்த எண்ணிக்கை உலைக்குத் தப்பியதன் எண்ணிக்கை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி நம் சொந்தக் காசுகள். சங்க கால மன்னர்கள் காசு வெளியிட்டார்களா என்பதே நெடுங்காலம் ஐயத்தில் இருந்தது. 2021இல் மறைந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி, தினமலர் நாளிதழின் ஆசிரியராக இருந்தவர், 1980களில் 'பெருவழுதி' என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த பாண்டியர் செப்புக்காசை வெளிப்படுத்தினார். ஐயம் தீர்ந்தது. பின்னர்க் கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசு ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. அதில் ஒரு மன்னனின் தலை, பக்கவாட்டில். தலைக்கு மேல் வளைவாக எழுத்து: மாக்கோதை. 'குட்டுவன் கோதை' என்று பெயர் பொறித்த காசும் உண்டு.

பெருவழுதியின் காசில் குதிரை இருக்கிறது. பாண்டியர் காசுகளில் யானையும் மீனும், சோழரின் காசுகளில் புலியும் உள்ளன. மன்னனின் முகம் இல்லை. தமிழ் மன்னர் தம் முகத்தைக் காசில் இடும் வழக்கம் இல்லாதவர்கள். சேரன் மட்டும் இட்டான். அவனுடைய நாட்டில்தான் முசிறி; அவனுடைய நாட்டு வழியாகத்தான் அகஸ்டஸும் டைபீரியஸும் ஆயிரக்கணக்கில் நடந்து போனார்கள். பார்த்துப் பார்த்துப் பழகிய வடிவத்தைத் தனக்காக்கிக்கொண்டான் என்பது அறிஞர் பலரின் முடிவு. வட எல்லைக்கு அப்பால் சாதவாகனர்களும் தலை பொறித்த வெள்ளிக்காசு வெளியிட்டார்கள். அவற்றின் ஒரு பக்கம் பிராகிருதம். மறுபக்கம் தமிழ் அல்லது தமிழுக்கு மிக நெருங்கிய மொழி. வணிகருக்குப் புரிய வேண்டும் என்று அரசு கவலைப்பட்டிருக்கிறது.

மாக்கோதையின் காசில் பட்டங்கள் இல்லை. தெய்வத்தின் மகன், நாட்டின் தந்தை, தலைமைப் பூசாரி எதுவும் இல்லை. பெயர் மட்டும்தான், நான்கு எழுத்து. உரோமரின் காசிலிருந்து முகம் வைக்கும் முறையை எடுத்துக்கொண்டவன் அவர்களுடைய எழுத்தை எடுத்துக்கொள்ளவில்லை. உலகப் பணமாக ஓடியது இலத்தீன் காசு. எனினும் தன் பெயரைத் தன் எழுத்தில் பொறித்தான். நம் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று கூட்டம் போட்டுப் பேசுகிற நமக்கு, உரோமாபுரியின் ஐந்து கோடியைவிட இந்தச் சிறு வெள்ளிக்காசு பெரிய செய்தி என்பது என் கருத்து.

வகுப்பில் செய்து பார்க்க எளிய பயிற்சி ஒன்று. மாணவர் ஒவ்வொருவரும் வட்டமாக வெட்டிய அட்டையில் தம் காசை வரையட்டும். முன்பக்கம் உருவம் யாருடையது, பின்பக்கம் என்ன இருக்க வேண்டும், சுற்றி எழுதப் பத்துச் சொற்களுக்கு மேல் கூடாது. சுருக்கி எழுதுவது எவ்வளவு கடினம் என்று அப்போது தெரியும். என் வகுப்பில் பெரும்பாலோர் அம்மாவை வரைந்தார்கள். ஒருவன் தன் பூனையை வரைந்து 'நாட்டின் தந்தை' என்று எழுதினான். அகஸ்டஸ் வருந்தமாட்டார் என்று நம்புகிறேன்.

இறுதியாக, நமக்கு வடக்கே அண்டையில் இருக்கும் ஒரு பொருளைச் சொல்ல வேண்டும். தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பட் என்னும் பழைய துறைமுகப் பகுதி உள்ளது. உரோமர் பாணியில் உருவம் செதுக்கிய முத்திரைக் கற்கள் அங்கே கிடைத்துள்ளன. அவற்றோடு ஒரு சிறு கருங்கல்லும் கிடைத்தது. பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல். ஏறக்குறைய கி.பி. 3ஆம், 4ஆம் நூற்றாண்டினது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. பெரும்பதன் என்னும் பொற்கொல்லருக்கு உரிய கல். கடல் கடந்து வந்து கடை விரித்த அவரிடம் எந்த நாட்டுக் காசை நீட்டினாலும், முகத்தைப் பார்க்காமல் கல்லில் ஒரு கோடு இழுத்துப் பார்த்திருப்பார். கல் இப்போது குளோங் தோம் ஊரில் ஒரு புத்தர் கோயிலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் கிராபிக் கடற்கரைக்குப் போகும் குடும்பங்கள் அந்தக் கோயிலுக்கும் போய்வரலாம்.